சீனியர் மேனேஜர்கள் முடிவெடுக்கத் தயங்குகிறார்களா? முதலில் ஃபேக்டரி கேட்டில் யார் பேச்சு எடுபடுகிறது என்று பாருங்கள்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் புரியும். கோத்தகிரி பக்கம் இரண்டு பாட் லீஃப் டீ ஃபேக்டரி, அதாவது வெளியே விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தூள் ஆக்குகிறவை. அப்பா ஆரம்பித்தது, இப்போது மகன் கையில். மூன்று சீனியர் மேனேஜர்கள்: ஒருவர் ஃபேக்டரியைப் பார்க்கிறார், ஒருவர் இலை கொள்முதல், ஒருவர் விற்பனையும் கணக்கும். மூவரும் பதினைந்து வருடத்துக்கு மேல் இருப்பவர்கள், நேர்மையானவர்கள், வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் பெல்ட் அறுந்தாலும் போன், விவசாயிகளிடம் இலை சேர்த்துக் கொண்டுவருகிற ஏஜென்ட் முறைத்தாலும் போன், ஏலத்தில் இரண்டு ரூபாய் குறைந்தாலும் போன். "இவர்களைத் தலைமைப் பொறுப்பை எடுத்துக்கொள்ள வைப்பது எப்படி? கோயம்புத்தூரில் இரண்டு நாள் லீடர்ஷிப் ட்ரெயினிங் இருக்கிறதாம், அனுப்பலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

குன்னூர் வட்டாரத்தில் எஸ்டேட்டிலும் ஃபேக்டரியிலும் வேலை பார்த்துவிட்டு, இப்போது அதே ஃபேக்டரிகளுக்கு யோசனை சொல்லிக்கொண்டு திரிபவன் நான். ட்ரெயினிங் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன், ஏனென்றால் அது கடைசியில் வரவேண்டிய விஷயம்.

முதலில் அவர்கள் ஏன் போன் செய்கிறார்கள் என்று அவர்கள் பக்கமிருந்து பாருங்கள். உங்கள் அப்பா காலத்தில் சேர்ந்தவர்கள். அந்தத் தலைமுறை முதலாளிகள் எப்படி என்று எனக்குத் தெரியும், ஆணி வாங்கினாலும் அவர்கள் கையெழுத்து வேண்டும். "யாரைக் கேட்டுச் செஞ்சே?" என்பதைத்தான் இந்த மூன்று பேரும் வருடக்கணக்கில் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள். கேட்டுச் செய்தால் தப்பானாலும் திட்டு இல்லை, கேட்காமல் செய்தால் சரியாக வந்தாலும் ஒரு முறைப்பு. இப்படிப்பட்ட இடத்தில் பதினைந்து வருடம் தாக்குப்பிடித்தவர் புத்திசாலியாகத்தான் இருப்பார், அந்தப் புத்திதான் உங்களுக்கு போன் போட வைக்கிறது. போதாக்குறைக்கு, நீங்கள் ஸ்கூல் யூனிஃபார்மில் ஃபேக்டரிக்கு வந்தபோது உங்களைத் 'தம்பி' என்று கூப்பிட்டவர்கள் இப்போது 'சார்' என்று கூப்பிடுகிறார்கள். அவர்களுக்கும் உங்களுக்கும் நடுவே எது உரிமை, எது அதிகப்பிரசங்கித்தனம் என்று இன்னும் யாரும் பேசித் தீர்க்கவில்லை. ஆக, திறமை இல்லை, துணிச்சல் இல்லை என்ற முடிவுக்கு அவசரப்பட்டு வரவேண்டாம். முடிவெடுக்கும் உரிமை இன்னும் உங்கள் சட்டைப்பையில்தான் இருக்கிறது, அதை வெளியே எடுத்துக் கொடுக்க வேண்டியது நீங்கள். இந்தப் பதிலில் நான் சொல்லப்போவது மொத்தமும் இதுதான். கொடுப்பது எப்படி என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

எங்கே போகிறது என்று காட்டுகிறேன். மே மாதம், இலை கொட்டுகிற சமயம், மத்தியானத்திலிருந்து மழை. சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு ஏஜென்ட்டின் லாரி கேட்டில் வந்து நிற்கிறது. சாக்குக்குள் கை விட்டால் சூடு தெரிகிறது, காலையில் பறித்ததை அழுத்தித் திணித்திருக்கிறார்கள், அடியில் இலை சிவக்க ஆரம்பித்துவிட்டது, அதிலும் பாதி முற்றின இலை. உள்ளே இலை வாட்டுகிற டிரஃப் எல்லாம் நிரம்பியிருக்கிறது. உங்கள் கொள்முதல் மேனேஜர் பார்த்துவிட்டு, "நல்ல சாக்கை மட்டும் எடுத்துக்கறேன், மிச்சத்தைத் திருப்பிக் கொண்டு போங்க, தண்ணிக்கும் கழிவு போடணும்" என்கிறார். ஏஜென்ட் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டார். எடைமேடை ஓரமாகப் போய் உங்கள் நம்பருக்கு அடிப்பார். "அப்பா காலத்துலேருந்து உங்களுக்குத்தான் போடறேன், இவரு இப்படிப் பண்றாரு, பக்கத்து ஃபேக்டரிக்காரன் தினமும் கூப்பிடறான்." நீங்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டே, "சரி, இன்னைக்கு ஒரு நாள் எடுத்துக்கச் சொல்றேன்" என்பீர்கள்.

முடிந்தது. மேனேஜர் அந்த இலையை இறக்குவார், ஒன்றும் சொல்லமாட்டார். எடை போடுகிற பையன், லாரி டிரைவர், சுமை இறக்குகிறவர்கள், சூப்பர்வைசர் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலைக்குள் உங்களுக்கு இலை போடுகிற அத்தனை ஏஜென்ட்டுக்கும் செய்தி போய்விடும்: அங்கே மேனேஜரிடம் பேசிப் பிரயோசனமில்லை, நேராக முதலாளிக்கு அடி. அப்புறம் நீங்கள் எத்தனை ட்ரெயினிங் அனுப்பினாலும் அந்த மனிதர் கேட்டில் நின்று 'முடியாது' என்று சொல்லமாட்டார். அவருக்கு என்ன தலையெழுத்து?

செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. போன் வந்தால், "மேனேஜர் என்ன சொன்னாரோ அதுதான், அவர்கிட்டயே பேசிக்குங்க" என்று வைத்துவிடுங்கள். மேனேஜர் தப்பாகவே முடிவெடுத்திருந்தாலும் அன்று ராத்திரி அந்த முடிவு நிற்கட்டும். மறுநாள் காலை கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் பேசுங்கள். மாற்றவேண்டும் என்று தோன்றினால் அவரே ஏஜென்ட்டைக் கூப்பிட்டு மாற்றட்டும், நீங்கள் கூப்பிடாதீர்கள். ஒரு ஏஜென்ட் போகலாம், இரண்டு லோடு இலை குறையலாம். மேனேஜரை வளர்ப்பதற்கு நீங்கள் கட்டுகிற ஃபீஸ் அது, கோயம்புத்தூர் கோர்ஸ் ஃபீஸைவிட அதிகம்தான், ஆனால் வேலை செய்யும்.

இதில் நம் மலைக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு, வெளியூர் ட்ரெயினருக்கு இது தெரியாது. உங்கள் கொள்முதல் மேனேஜர் பக்கத்து ஹட்டிக்காரராக, அதாவது படுகர் ஊர்க்காரராக இருந்தால், இலை போடுகிறவர்களில் பாதிப் பேர் அவருக்கு மாமன் மச்சான். இலையைத் திருப்பி அனுப்பிவிட்டு ஹெத்தை ஹப்பா திருவிழாவுக்கு அதே மனிதர்கள் முன்னால் போய் நிற்கவேண்டும். இலை விலை இங்கே சும்மா ஒரு வியாபாரப் பேச்சும் கிடையாது. 2023 செப்டம்பரில் நட்டக்கல்லில் கிலோவுக்கு 33.50 ரூபாய் கேட்டு விவசாயிகள் உண்ணாவிரதம் உட்கார்ந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்தச் சூட்டில் ஒரு தனி மனிதரை "நீயே முடிவு பண்ணு" என்று கேட்டில் நிறுத்தினால் அது பொறுப்புக் கொடுப்பது ஆகாது, மாட்டிவிடுவது ஆகும். அதனால் விதியை எழுதுங்கள்: எப்படிப்பட்ட இலை எடுப்போம், எதை எடுக்கமாட்டோம், ஈரத்துக்குக் கழிவு எவ்வளவு, எத்தனை மணிக்கு மேல் லோடு கிடையாது. உங்கள் கையெழுத்துப் போட்டு எடைமேடைப் பக்கத்தில் ஒட்டுங்கள். அந்த விதியை அவரே எழுதட்டும், நீங்கள் ஒப்புதல் கொடுங்கள். அப்போது அவர் மச்சானிடம், "விதி இப்படி இருக்கு, நான் என்ன பண்ண?" என்று சொல்ல ஒரு பிடி கிடைக்கும். விதிக்குள் வராத நேரத்தில் அவர் சொல்வதுதான் தீர்ப்பு.

அடுத்தது ஃபேக்டரி மேனேஜர். இவர் விஷயத்தில் நிறைய முதலாளிகள் மறந்துபோகிற ஒன்று இருக்கிறது. தொழிற்சாலைகளுக்கான சட்டப்படி ஒவ்வொரு ஃபேக்டரிக்கும் 'மேனேஜர்' என்று ஒருவர் பெயரை அரசுக்கு எழுதிக் கொடுக்கவேண்டும். மெஷினில் யாருடைய கையாவது மாட்டினால் ஆக்குபையர், அதாவது ஃபேக்டரியைக் கையில் வைத்திருப்பவர் என்ற முறையில் உங்கள் மீதும் வழக்கு வரும், மேனேஜர் என்ற முறையில் அவர் மீதும் வரும். கோர்ட் படியேறுகிற அளவுக்குப் பொறுப்பு ஏற்கெனவே அவர் தலையில் இருக்கிறது. ஆனால் அதே மனிதருக்கு உங்களைக் கேட்காமல் செலவு செய்ய எவ்வளவு உரிமை கொடுத்திருக்கிறீர்கள்? பல இடங்களில் நான் பார்த்தது ஐந்தாயிரம் ரூபாய். இலையை நறுக்குகிற சிடிசி ரோலரில் பல் மழுங்கிவிட்டது, தீட்ட அனுப்பவேண்டும், மாற்று ரோலர் வாங்கவேண்டும் என்றால் அவர் பேப்பர் எழுதி, உங்கள் மேஜையில் வைத்து, நீங்கள் கோயம்புத்தூரிலிருந்து வருகிறவரை காத்திருக்கவேண்டும். அதுவரை மழுங்கின பல்லில் இலை வெட்டுப்படாமல் நசுங்கிக்கொண்டு போகும், தூள் கிரேடு கெடும், அடுத்த வாரம் ஏலத்தில் விலை விழும், அப்போது அவரையே கூப்பிட்டு ஏன் என்று கேட்பீர்கள். பொறுப்பு அவருக்கு, அதிகாரம் உங்களுக்கு என்று இருக்கிற வரைக்கும் அவர் உங்களுக்குப் பேப்பர்தான் எழுதுவார்.

ஆகவே ஒரு நாள் உட்கார்ந்து மூன்று பேருடனும் தனித்தனியாக எழுதுங்கள். என்ன எழுதவேண்டும் என்றால், கடந்த ஒரு மாதத்தில் அவர் உங்களுக்குச் செய்த போன்களை. வாட்ஸ்அப்பையும் கால் லிஸ்ட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள். இது எதற்காக என்னிடம் வந்தது? இனிமேல் இது உங்களுடையது, என்னிடம் சொல்லவே வேண்டாம். இது உங்களுடையது, முடித்துவிட்டுச் சொன்னால் போதும். இது நீங்கள் முடிவு செய்யுங்கள், ஆனால் செய்வதற்கு முன்னால் எனக்குச் சொல்லுங்கள். இது என்னுடையதாகவே இருக்கட்டும். இப்படி நாலாகப் பிரித்தால் போதும், பெரிய சார்ட் எல்லாம் வேண்டாம். பிரிக்கும்போதே தெரியும், உங்களுக்கு வந்ததில் பெரும்பாலானது உங்களுக்கு வந்திருக்கவே வேண்டியதில்லை என்று. விற்பனை மேனேஜருக்கும் இதேதான். குன்னூர் ஏலத்தில் ஒரு லாட்டுக்கு (ஒன்றாக ஏலம் போகிற தூள் மூட்டைகளுக்கு) புரோக்கர் போட்ட வேல்யுவேஷனுக்கு, அதாவது மதிப்பு விலைக்கு, எவ்வளவு கீழே வரை கொடுத்துவிடலாம், எதற்குக் கீழே போனால் லாட்டை நிறுத்திவைக்கவேண்டும் என்று ஒரு எல்லை முன்கூட்டியே பேசிக்கொண்டால், ஏல நாளில் அவர் ஒரு கண்ணை ஸ்கிரீனிலும் ஒரு கண்ணை போனிலும் வைத்துக்கொண்டு அல்லாடவேண்டாம். எல்லையை மாதம் ஒரு தடவை அவரே மாற்றிச் சொல்லட்டும், காரணத்தோடு.

இப்போது முதலாளிகளுக்குப் பிடிக்காத பகுதி. கணக்கைத் திறந்து காட்டாமல் இது எதுவும் நடக்காது. உங்கள் ஃபேக்டரி மேனேஜருக்கு அவுட்டர்ன் என்னவென்று நன்றாகவே தெரியும், சுமார் நாலு, நாலரை கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ தூள் என்று தூக்கத்தில்கூடச் சொல்வார். ஆனால் அது உங்கள் பையில் எவ்வளவு என்று அவருக்குத் தெரியுமா? ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன், நாள் ஒன்றுக்குப் பத்தாயிரம் கிலோ இலை. நாலு கிலோவுக்கு ஒன்று என்றால் 2500 கிலோ தூள். நாலரைக்கு ஒன்று என்றால் 2222. வித்தியாசம் 278 கிலோ, கிலோ நூறு ரூபாய் என்று வைத்தாலே ஒரு நாளைக்கு இருபத்தேழாயிரத்துச் சொச்சம். இந்தக் கணக்கை அவர் கண்ணால் பார்த்துவிட்டால், முற்றின இலை லாரியைப் பார்க்கும்போது அவருக்கு வருகிற கோபம் வேறு மாதிரி இருக்கும். விறகு, கரண்ட், கூலி, பேங்க் வட்டி எதுவும் தெரியாதவர் உங்களைப் போல முடிவெடுக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

"வெளியே போய்விடுமே, பக்கத்து ஃபேக்டரிக்காரனுக்குத் தெரிந்துவிடுமே" என்பீர்கள். என்ன தெரிந்துவிடும்? ஏல விலை எல்லோருக்கும் தெரிந்தது. பச்சை இலைக்கு மாவட்ட சராசரி விலையை டீ போர்டே மாதாமாதம் அறிவிக்கிறது, 2003 தேயிலை சந்தைப்படுத்தல் கட்டுப்பாட்டு ஆணையின்படி விற்பனை விலையை விவசாயியும் ஃபேக்டரியும் பங்கிட்டுக்கொள்கிற ஃபார்முலா இருக்கிறது. கூட்டவும் கழிக்கவும் தெரிந்த எவனும் உங்கள் லாபத்தைக் கிட்டத்தட்டக் குறி சொல்லிவிடுவான். உங்கள் குடும்பச் சொத்துக் கணக்கையா காட்டச் சொல்கிறேன்? ஃபேக்டரியின் மாத வரவு செலவு, அவ்வளவுதான்.

எஸ்டேட் பக்கம் ஒரு பழைய வழக்கம் இருந்தது, இன்றைக்கு லீடர்ஷிப் டெவலப்மென்ட் என்று பெயர் வைத்துப் பேசுவதில் பாதி அதற்குள் இருக்கிறது. சின்ன துரையாக, அதாவது உதவி மேனேஜராக வருகிறவருக்கு முதலிலேயே ஒரு டிவிஷனைக் கையில் கொடுத்துவிடுவார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டிலிருந்து சாயங்காலம் கொழுந்து நிறுக்கிறவரை அந்த டிவிஷனில் என்ன நடந்தாலும் அவர்தான் பதில் சொல்லவேண்டும். அப்புறம், வெள்ளைக்கார துரைமார் சில வருடத்துக்கு ஒரு தடவை மாதக்கணக்கில் லீவு போட்டுக் கப்பலேறி ஊருக்குப் போவார்கள். அந்தக் காலம் முழுக்க சீனியராக இருக்கிற சின்ன துரை 'ஆக்டிங்'. பெரிய துரையைக் கேட்கலாம் என்றால் அவர் கடலில் இருப்பார். லெட்டர் போட்டுப் பதில் வருவதற்குள் பூச்சி வந்து போயிருக்கும், ஸ்ட்ரைக் வந்து முடிந்திருக்கும். அந்த அமைப்பில் ஆயிரம் கொடுமை இருந்தது, அதை மறுக்கவில்லை, ஆனால் ஆளைத் தயார் செய்கிற விஷயத்தில் அவர்களுக்கு ஒரு வசதி இருந்தது: போன் கிடையாது.

உங்களுக்கு போன் இருக்கிறது, அதனால் செயற்கையாக ஒரு கப்பல் பயணம் போகவேண்டும். இரண்டு வாரம். தைரியமாகப் போங்கள், ஆனால் எப்போது போவது என்பதில் பலர் ஏமாற்றிக்கொள்கிறார்கள். பனி விழுகிற ஜனவரியில், இலையே இல்லாதபோது போய்விட்டு வந்து "எல்லாம் நன்றாக நடந்தது" என்றால் அதற்கு என்ன அர்த்தம்? மே கடைசியில் போங்கள், இல்லையென்றால் அக்டோபரில், வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து மேட்டுப்பாளையம் ரோட்டை அடைக்கிற சமயத்தில். லோடை வேறு வழியாக விடுவதா, ஒரு நாள் நிறுத்துவதா, டிரைவர் பேட்டாவை யார் கணக்கில் எழுதுவது என்று மூன்று பேரும் தங்களுக்குள் சண்டை போட்டுத் தீர்க்கட்டும். மூன்று பேரில் ஒருவரை 'ஆக்டிங்' என்று பெயர் சொல்லி அறிவித்துவிட்டுப் போகவேண்டும், "எல்லாரும் சேர்ந்து பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனால் யாரும் பார்க்கமாட்டார்கள். அடுத்த தடவை வேறொருவர். இடையில் நீங்கள் சிசிடிவியைப் போனில் திறந்து பார்த்து, ராத்திரி பத்து மணிக்கு "டிரையர் பக்கம் யாரையும் காணோமே" என்று குரூப்பில் மெசேஜ் போட்டால், கப்பல் இன்னும் துறைமுகத்திலேயே நிற்கிறது என்று அவர்களுக்குப் புரிந்துவிடும். அந்த ஆப்பை டெலீட் செய்துவிட்டுப் போங்கள். நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை.

வெலிங்டனில் முப்படை அதிகாரிகள் படிக்கிற ஸ்டாஃப் காலேஜ் இருக்கிறதே, தேசப் பிரிவினைக்குப் பிறகு 1947-இல் பாகிஸ்தான் பக்கம் போன குவெட்டா காலேஜிலிருந்து பிரிந்து இங்கே வந்தது, அதன் வாசல் வழியாக நாம் தினமும் போய் வருகிறோம், உள்ளே என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று யோசிப்பதில்லை. பல வருடம் சர்வீஸ் போட்ட அதிகாரிகளை வேலையிலிருந்து எடுத்து, கிட்டத்தட்ட ஒரு வருடம் உட்காரவைத்து, தங்கள் இப்போதைய பதவிக்கு மேலே உள்ள மட்டத்துப் பிரச்சினைகளைக் கொடுத்துத் தீர்க்கச் சொல்கிறார்கள். பட்டாளத்துக்காரர்கள் என்றாலே மேலே சொன்னதை அப்படியே செய்கிறவர்கள் என்று நினைக்கிறோம், ஆனால் அங்கே உத்தரவு எழுதும்போதே இந்தக் காரியம் எதற்காக என்பதையும் சேர்த்து எழுதவேண்டும், நிலைமை மாறினால் கீழே இருப்பவர் நோக்கத்தை வைத்துக்கொண்டு தானே வழி கண்டுபிடிக்கவேண்டும் என்பதற்காக. இரண்டையும் நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். "ஏழாம் நம்பர் டிரஃபைக் காலி பண்ணுங்க" என்று சொல்வதற்குப் பதிலாக, "நாளைக்கு ஐயாயிரம் கிலோ அதிகமா வரும், இடம் வேணும்" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். காலி செய்வதா, ராத்திரி ஷிஃப்ட் நீட்டுவதா, ஏஜென்ட்டிடம் பேசி லோடைத் தள்ளிப்போடுவதா என்பது அவர் பாடு. அதோடு, மாதம் ஒரு தடவை உங்கள் மட்டத்துக் கேள்வி ஒன்றை அவர்கள் முன்னால் வையுங்கள். பேங்க் கடனில் புது டிரையர் வாங்கலாமா, இலையை நறுக்காமல் சுருட்டிச் செய்கிற ஆர்த்தடக்ஸ் டீக்கு லைன் போடலாமா, பாக்கெட் டீயில் இறங்கலாமா? ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். வாயால் கேட்டால் "நீங்க சொன்னா சரிதான் சார்" என்பார்கள். எழுதச் சொன்னால்தான் யார் யோசிக்கிறார் என்று தெரியும்.

இங்கே ஒரு சின்ன விஷயம், ஆனால் பெரிய விஷயம். டேஸ்டிங் மேஜையில் கப்புகள் வரிசையாக வைத்திருக்கும்போது, ஸ்பூனை எடுத்து உறிஞ்சித் துப்பிவிட்டு முதலில் வாயைத் திறப்பது யார்? நீங்கள் என்றால், நீங்கள் "மூணாவது கொஞ்சம் சப்புனு இருக்கு" என்ற அடுத்த நிமிடம் மூன்றாவது கப் எல்லோருக்கும் சப்பென்று ஆகிவிடும். இருபது வருடம் தூள் தின்ற டீ மேக்கருக்கும்கூட. கடைசி ஆளாகப் பேசுங்கள். வயதில் சின்னவர், பதவியில் சின்னவர் முதலில் சொல்லட்டும், அப்புறம் மேனேஜர், அப்புறம் நீங்கள். எல்லா மீட்டிங்கிலும் இதே வரிசை. முதல் இரண்டு வாரம் மேஜையைச் சுற்றி அமைதியாகத்தான் இருக்கும், அந்த அமைதியை நீங்கள் பேசி நிரப்பாமல் இருப்பதுதான் கஷ்டம்.

மேலேயிருந்து கொடுத்துக்கொண்டே போனால் அவர்கள் முதுகு தாங்காது என்பதையும் பார்க்கவேண்டும். உங்களிடமிருந்து ஐந்து முடிவுகள் ஃபேக்டரி மேனேஜரிடம் போனால், அவரிடமிருந்து ஐந்து வேலை டீ மேக்கருக்கும் சூப்பர்வைசருக்கும் இறங்கவேண்டும். இதில் அவர் உங்களைவிடப் பிடிவாதமாக இருப்பார். ஃபெர்மென்டிங் சரியாக வந்துவிட்டதா என்று ஒவ்வொரு தடவையும் தானே மோந்து பார்த்தால்தான் திருப்தி, டிரையர் சூட்டைத் தானே பார்க்கவேண்டும். அவருடைய பெருமையே அந்த மூக்கில்தான் இருக்கிறது, அதை விடச் சொல்வது சாதாரண விஷயம் இல்லை. "உங்க மூக்கு இன்னும் ரெண்டு பேருக்கு வரணும்" என்று கேளுங்கள், ஆள் பெயர் சொல்லி, இன்னும் ஆறு மாதத்தில் என்று கெடு வைத்து.

தப்பு நடக்கும். எந்த அளவுக்குத் தப்பு என்றால் பரவாயில்லை என்பதை நடப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள், நடந்த பிறகு சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஒரு லாட் விலை விழுவது, ஒரு ஏஜென்ட் போவது, ஒரு ஸ்பேர் தேவையில்லாமல் வாங்கியது, இதெல்லாம் சேரும். சேராதவை நாலைந்துதான்: டீ வேஸ்ட்டோ கலரோ கலப்பது, எடையில் கைவைப்பது, மெஷினின் பாதுகாப்பு மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டுவது, தொழிலாளிக்குச் சேரவேண்டிய கூலி, பி.எஃப். தள்ளிப்போவது. இதில் மட்டும் பேச்சே இல்லை என்று சொல்லுங்கள். எல்லை இவ்வளவு தெளிவாக இருந்தால் அதற்குள் மனிதர்கள் தைரியமாக நடப்பார்கள்.

மூன்று பேரும் இதற்கு வருவார்கள் என்று நினைக்காதீர்கள். என் கணிப்பில் ஒருவருக்கு இது வேண்டாம். அவர் கெட்டிக்காரத் தொழிலாளி, மெஷின் சத்தத்தைக் கேட்டே என்ன கோளாறு என்பார், ஆனால் ஆளை வைத்து வேலை வாங்குவதும் ஏஜென்ட்டோடு மல்லுக்கட்டுவதும் அவருக்கு ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும். அவரைத் தள்ளிப் பிடித்து ஜெனரல் மேனேஜர் ஆக்கினால் நல்ல மெக்கானிக்கையும் இழப்பீர்கள், மேனேஜரும் கிடைக்கமாட்டார். சம்பளத்தைக் கூட்டி, மரியாதையாக அந்த இடத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு ஃபேக்டரிக்கும் அவர்தான் மெஷினுக்குக் கடைசி வார்த்தை என்று சொல்லுங்கள். மற்ற இருவருக்கும் சம்பளம் முதலில் ஏறட்டும், பொறுப்பு அதன் கூடவே வரட்டும். "செய்து காட்டு, அப்புறம் பார்க்கலாம்" என்பதை உங்கள் அப்பாவிடமே அவர்கள் கேட்டுவிட்டார்கள். போனஸில் ஒரு பகுதியை அவுட்டர்ன், ஏலச் சராசரி, விபத்து இல்லாத மாதங்கள் என்று அவர்கள் கையில் இருக்கிற விஷயத்தோடு கட்டுங்கள். மொத்த லாபத்தோடு கட்டாதீர்கள், கென்யாவில் மழை பெய்து டீ குவிந்து விலை விழுந்ததற்கெல்லாம் இவர் போனஸ் குறையக்கூடாது.

உங்களைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். நாற்பது போன் வருகிற மனிதருக்கு ஐந்து போன் வர ஆரம்பித்தால் முதல் வாரம் நிம்மதியாக இருக்கும், மூன்றாவது வாரம் கை நமநமவென்று இருக்கும், நாலாவது வாரம் எடைமேடைப் பக்கம் "சும்மா" வந்து நிற்பீர்கள். நான் யோசனை சொன்ன இடங்களில் பாதிக்கு மேல் கவிழ்ந்தது இங்கேதான், மேனேஜரால் அல்ல. அதனால் உங்களுக்கென்று வேலை வைத்துக்கொள்ளுங்கள்: இலை போடுகிற ஹட்டிகளுக்கு நேரில் போய் நல்ல பறிப்பைப் பற்றிப் பேசுவது, ஏலத்தை மட்டும் நம்பாமல் நேரடியாக வாங்குகிறவர்களைத் தேடுவது, பேங்க், அடுத்த ஐந்து வருடம். இந்த வேலையை உங்கள் மூன்று பேரில் யாராலும் செய்யமுடியாது, இத்தனை நாள் யாரும் செய்யாமல் கிடந்ததும் இதுதான்.

சரி, கோயம்புத்தூர் ட்ரெயினிங். இப்போது அனுப்பாதீர்கள். கையில் அதிகாரமே இல்லாதவருக்கு எப்படி முடிவெடுப்பது என்று இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தால் நல்ல சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, ஒரு ஃபைலும் பேனாவும் வாங்கிக்கொண்டு வருவார். பனி மாதங்களில் உட்கார்ந்து எழுதவேண்டியதை எழுதுங்கள், ஏப்ரலில் இலை ஏற ஆரம்பிக்கும்போது கைமாற்றுங்கள், ஒரு சீசன் ஓடட்டும். ஜூலை ஆகஸ்ட்டில் அவர்களே வந்து எங்கே இடிக்கிறது என்று சொல்வார்கள். அப்போது ஆளுக்கு ஒன்றாக அனுப்புங்கள், மூவரையும் ஒரே கோர்ஸுக்கு அனுப்பவேண்டாம். ஃபேக்டரி மேனேஜருக்கு அநேகமாக பேலன்ஸ் ஷீட் படிக்கிற கோர்ஸ் தேவைப்படும். கொள்முதல் மேனேஜருக்குப் பேரம் பேசுவதும் கடினமான பேச்சைத் தணிந்த குரலில் பேசுவதும். விற்பனை மேனேஜரை எந்த கோர்ஸுக்கும் அனுப்பாமல், ஒரு மாதம் கேட்டில் இலை இறக்குகிற இடத்தில் நிற்கவைக்கலாம்.